தட்டில் வைத்த காசு: மணமக்களை அலங்கரித்தவர்கள் பெற்ற உரிமையும் அன்பளிப்பும்

தமிழகத் திருமணங்களில் மணமகனுக்கு முகம் மழித்து முடி திருத்துபவருக்கும், மணமகளுக்குச் சடை பின்னிப் பூச்சூட்டி முகவொப்பனை செய்பவருக்கும் பேசிய கூலிக்கு மேலாகத் தரப்படும் பணம் இன்று அன்பளிப்பு என்றோ டிப்ஸ் என்றோ குறிப்பிடப்படுகிறது. அது கொடுப்பவரின் மனநிறைவைப் பொறுத்தது, பெறுபவர் கேட்டு வாங்கத் தகாதது என்னும் இரு கருத்துகள் இந்த வழக்கின் அடியில் உள்ளன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மணவீட்டில் வெற்றிலைத் தட்டில் நாவிதருக்கு வைக்கப்பட்ட பொருளுக்கு இவ்விரண்டுமே பொருந்தா. அது ஊரறிந்த உரிமையாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. குறைந்தால் பலர் முன்னிலையில் கேட்கப்படக்கூடியது. அவ்வுரிமை பெற்றவர் அந்த ஊரை விட்டு நீங்கவோ அந்தப் பணியை மறுக்கவோ இயலாதவராக இருந்தார் என்பதையும் உடன் சொல்லாவிட்டால் வரலாறு பாதியாகவே நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கத்தைச் சங்கப் பாடல்களில் தேடினால் கிடைப்பதில்லை. மணச்சடங்கை விரிவாகக் காட்டும் பாடல்களாக அறிஞர்கள் எப்போதும் எடுத்துக்கொள்பவை அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள். அவற்றுள் முதலாவதில் மணமகளை நீராட்டுபவர்கள் மகப்பேறு பெற்ற மங்கலப் பெண்கள் நால்வர். பூவும் நெல்லும் கலந்த நீரைத் தலையில் சொரிந்து வாழ்த்தும் அவர்கள் உற்றார் உறவினரே தவிர, அத்தொழிலால் வாழ்பவர்கள் அல்லர். பின்னர் எழுந்த காப்பியங்களில் செல்வர் மனைகளில் தலைவியை அலங்கரிக்கும் பணிப்பெண் வண்ணமகள் என்ற பெயருடன் வருகிறாள். சிலப்பதிகாரத்தில் மாதவியின் நீராட்டுக்குப் பத்து வகைத் துவர்களும், ஐந்து வகை நறுமணப் பொருள்களும், முப்பத்திரண்டு வகை ஊறல் மூலிகைகளும் பயன்பட்டதாகச் சொல்லப்படுவதைப் பார்க்கும்போது, ஒப்பனை அக்காலத்திலேயே நுட்பம் மிகுந்த தொழிலறிவாக வளர்ந்திருந்ததை உணரலாம். ஆயினும் அந்த அறிவுக்கு உரியவர் என்ன பெற்றார் என்பதைக் காப்பியப் புலவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கூலிக் கணக்கு புலவர்களின் வேலையன்று.

அந்தக் கணக்கைக் கல்வெட்டு எழுதியவர்கள் எழுதினார்கள். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் சுவரில் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட நெடிய கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல்மகளிர் 400 பேருக்கு வீடும் ஆளுக்கொரு பங்கும் அளித்த செய்தியைத் தருகிறது. பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் நிலவருவாய். கலம் என்பது 12 மரக்கால் கொண்ட முகத்தலளவை. அதே கல்வெட்டின் பிற்பகுதியில் குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் முதலியோருக்கும் பங்குகள் வகுக்கப்பட்டுள்ளன. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேற்றூர் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும் என்றும், உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்றும் விதி சொல்லப்படுகிறது. இது கோயில் ஏற்பாடேயன்றி மணவீட்டு ஏற்பாடன்று. ஆனால் பணியும் பங்கும் ஒன்றையொன்று விடாமல் குடிவழியில் இறங்கும் என்னும் கருத்து பதினோராம் நூற்றாண்டிலேயே சட்டமொழியில் எழுதப்படும் அளவுக்கு முதிர்ந்திருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஊர்ப்புறத்தில் இக்கருத்து எப்படிச் செயல்பட்டது என்பது பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணங்களிலிருந்து தெரியவருகிறது. ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயைத் தண்டிக்கொள்ளும் உரிமையாக, அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் அப்பகுதியின் ஏறத்தாழ 2,000 ஊர்களுடைய நிலம், குடி, வருவாய் ஆகியவற்றின் கணக்கைத் திரட்டினார். களத்தில் நெல் அளக்கப்படும்போது, அரசின் பங்கும் உழவரின் பங்கும் பிரிக்கப்படுவதற்கு முன்பே, பொதுக்குவியலிலிருந்து கோயிலுக்கும் ஏரிப் பராமரிப்புக்கும் கணக்கருக்கும் வெட்டியானுக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் அளந்து ஒதுக்கப்பட்ட பகுதிகளை அக்கணக்குகள் ஊர் ஊராகப் பதிவு செய்துள்ளன. இவ்வாறு ஒதுக்கப்பட்ட பகுதிக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். பிரித்தானிய நாடாளுமன்றக் குழு 1812இல் வெளியிட்ட ஐந்தாம் அறிக்கையும் ஊர்ப் பணியாளரின் பட்டியலில் வண்ணாரையும் நாவிதரையும் கணக்கர், சோதிடர், ஆசிரியர் ஆகியோருடன் சேர்த்தே எண்ணியது.

ஆண்டு முழுவதும் ஊரார் முகம் மழித்து முடி வெட்டியதற்குரிய ஊதியம் இந்த நெல். திருமணத்தில் தட்டில் வைக்கப்பட்டது இதற்குப் புறம்பானது. இவ்விரண்டையும் பிரித்து உணராதவர்கள்தாம் பழைய மணவீட்டுக் கொடையை வெறும் இனாமாகக் கருதிவிடுகிறார்கள். நெல் உழைப்புக்கு ஈடு. தட்டு சடங்கில் அவருக்குள்ள இடத்துக்கு ஈடு. 1792 முதல் 1823 வரை தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, நாவிதரும் வண்ணாரும் ஊருக்கு உரியவர்களாகக் கருதப்பட்டதையும், அத்தொழில்கள் குடிவழியில் இறங்கியதையும், அறுவடைக் காலத்தில் அவர்கள் தானியம் பெற்றதையும் குறிப்பிடுகிறார். அவர்களின் பணி எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஊர்க்கட்டுப்பாடு என்னும் விலக்கு நடவடிக்கை காட்டும்: ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்கிவைக்க முடிவு செய்தால், அவ்வீட்டுக்கு நாவிதரும் வண்ணாரும் போகக் கூடாது என்பதே முதல் ஆணையாக இருந்தது. அவர்களில்லாமல் மணமும் நடக்காது, பிணமும் எடுக்கப்படாது. இந்த ஆற்றல் அவர்களுடைய கையில் இருந்ததாகத் தோன்றினாலும், அதைப் பயன்படுத்தும் முடிவு பெரும்பாலும் நிலவுடைமையாளர் கையிலேயே இருந்தது.

கொங்கு நாட்டில், அதாவது இன்றைய கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் மாவட்டங்களும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளும் அடங்கிய நிலப்பரப்பில், நாவிதரின் சடங்கு இடம் மற்றப் பகுதிகளில் காணாத அளவுக்கு உயர்ந்திருந்தது. அங்கு அவருக்குக் குடிமகன் என்று பெயர். ஒவ்வொரு வேளாளக் குடும்பத்துக்கும் உரிய குடிமகன் யார் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது. கொங்கு வேளாளர் திருமணத்தை மரபாக நடத்திவைத்தவர் அருமைக்காரர். அருமை என்னும் தனிச்சடங்கைத் தாமே செய்துகொண்டு அதனால் பிறர் மணத்தை நடத்தும் தகுதி பெற்ற குடும்பப் பெரியவர் அவர். அவருடன் இணைந்து மணமகனுக்கு முகம் மழிப்பது முதல் சடங்கு முடியும் வரை உடனிருந்தவர் குடிமகன். கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தை மணவறையின் முன் நின்று பாடும் உரிமையும் அவருடையதே. அப்பாடல் திருமணத்தின் நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லிச் செல்வதாலும், பகுதிக்குப் பகுதி மத்தளம் முழங்குவதாலும், சடங்கு முறைப்படி நடந்தது என்பதற்கு அவர் ஒருவகையில் சான்றாளராகவும் ஆகிறார். 1964 முதல் 1966 வரை காங்கயத்துக்கு அருகில் கண்ணபுரத்தில் தங்கிக் களஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1972இல் வெளிவந்த தம் நூலில் கொங்குச் சமூகத்தின் இத்தகைய சடங்கு உறவுகளை விரிவாக எழுதியுள்ளார். முகம் மழிப்பவரே மணவாழ்த்துப் பாடுபவராகவும் இருந்த ஒரு நாட்டில், அவருக்குத் தரப்பட்டதை மயிர்வினைக் கூலி என்று சுருக்குவது எவ்வகையிலும் பொருந்தாது.

தட்டில் இருந்தவை பெரும்பாலும் வெற்றிலை, பாக்கு, தேங்காய், அரிசி, வேட்டி அல்லது துண்டு, சில நாணயங்கள். நாணயம் முழுத்தொகையாக நிற்காமல் சற்று மிஞ்சி நிற்க வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. 1957 ஏப்ரலில் பதின்மக் காசு முறை வரும்வரை ஒரு ரூபாயுடன் நான்கு அணாச் சேர்த்து ஒன்றேகால் ரூபாயாக வைப்பது வழக்கம். அணா ஒழிந்தபின் அந்த இடத்தை நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்னும் தொகைகள் பிடித்துக்கொண்டன. மணவீட்டார் எதை யாருக்குத் தருவது என்பதும் திட்டமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் குடிமகன் வேறு, பெண் வீட்டுக் குடிமகன் வேறு, ஒருவருக்குரியதை மற்றவருக்குத் தருவது சச்சரவுக்கு வழிவகுக்கும். மரியாதையின் இந்த நுட்பங்கள் எல்லாம் இருக்க, அதே நாவிதர் விருந்துப் பந்தியில் மற்றவர்களோடு அமர முடியாது என்பதும், அவருக்கான உணவு தனியே தரப்பட்டது என்பதும் அந்தக் காலத்து நடைமுறை. கொடுத்தலைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் குளோரியா ரகேஜா, உத்தரப் பிரதேசத்தின் ஒரு கிராமத்தை அடிப்படையாகக் கொண்டு 1988இல் வெளியிட்ட நூலில், கொடுப்பவரின் தீங்கைப் பெறுபவர் ஏற்கும் தானம் ஒருவகை என்றும், உறவினாலும் பணியினாலும் உரிமையாக வந்து சேரும் கொடை வேறுவகை என்றும் பிரித்துக் காட்டினார். தமிழகத்து மணத்தட்டு இவ்விரண்டுக்கும் நடுவில் நின்றது. அதுபோலவே, பூப்புச் சடங்கில் பெண் உடுத்தியிருந்த துணி வண்ணாத்தியைச் சேர்ந்தது உரிமையும்தான், தீட்டை அகற்றும் வழியும்தான்.

யாழ்ப்பாணத்திலும் இவ்வகைத் தொண்டூழியம் குடிமை என்ற பெயரில் இறுகியிருந்தது. மணமகன் வரும் வழியில் வண்ணார் விரிக்கும் நிலபாவாடையும், மணநீராட்டுக்கு முன் பாலும் அறுகும் தலையில் வைக்கும் பாலறுகுச் சடங்கும் அப்பகுதித் திருமணத்தின் அடையாளங்களாகும். 1957இல் இலங்கையில் இயற்றப்பட்ட சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதியால் விதிக்கப்பட்ட தடைகளைக் குற்றமாக்கியது. குடிமை உறவு தளர்வதற்கு அதைவிடக் கல்வியும் புலம்பெயர்வும் அதிகமாகத் துணைசெய்தன எனலாம்.

மணமகளின் பக்கம் வேறு கதை. வட இந்தியாவில் நாவிதரின் மனைவியான நாயின், மணமகளுக்கு நலங்குமா பூசுவது, நீராட்டுவது, தலைவாருவது, கால்களுக்குச் செம்பஞ்சுக் குழம்பு தீட்டுவது ஆகிய அனைத்தையும் செய்து, ஒவ்வொன்றுக்கும் நேக் எனப்படும் உரிமைப்பொருளைக் கேட்டு வாங்குவாள். வீட்டார் குறைத்தால் அவள் பேரம் பேசுவதே சடங்கின் ஒரு பகுதியாகக் களிப்புடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தமிழகத்தில் நாவிதர் மனைவி மருத்துவச்சியாகப் பேறு பார்த்தாளேயன்றி, மணமகளின் கூந்தலைப் பெரும்பாலும் தொடவில்லை. நலங்கு வைத்தவர்களும் தலை பின்னியவர்களும் அத்தையும் அண்ணியும் அண்டைவீட்டு அக்காளுமே. தாழம்பூவோ மல்லிகையோ வைத்துப் பூச்சடை தைப்பதில் கைதேர்ந்த பெண் ஒருத்தி ஒவ்வொரு தெருவிலும் இருந்தாள்; ராக்கொடி, சடைநாகம், சூரியபிரபை, சந்திரபிரபை ஆகிய தலையணிகளை இழுபறியில்லாமல் பொருத்தும் கை அவளுடையது. அவளுக்குப் பணம் நீட்டுவது அவமதிப்பு. தாம்பூலத்துடன் ரவிக்கைத் துணி தருவதே முறை. வெளியாள் ஒருவர் மணமகளின் அணியில் கைவைத்தது தாலிக்கயிற்றில்தான்: நித்திய சுமங்கலியாகக் கருதப்பட்ட கோயில் ஆடல்மகள் தாலி மணிகளைக் கோத்துத் தருவது மங்கலம் என்று நம்பப்பட்டதை எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வெளியான தம் தொகுதிகளில் பதிவு செய்துள்ளார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தபோது அதுவும் முடிவுக்கு வந்தது. ஆகவே தமிழகத்தில் மாப்பிள்ளையை அலங்கரித்தவருக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. பெண்ணை அலங்கரித்தவருக்கு இருந்தது உறவு மட்டுமே. இன்றைய ஒப்பனைக் கலைஞருக்கு எவ்வளவு தருவது, எப்படித் தருவது என்பதில் மணவீட்டார் காட்டும் தயக்கத்துக்கு வேர் இங்கேதான் உள்ளது என்று கொள்ளலாம்.

மாப்பிள்ளை பக்கத்துச் சட்டம் இருபதாம் நூற்றாண்டில் மெல்லமெல்லக் கரைந்தது. 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகில் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த சுயமரியாதைத் திருமணத்தைத் தொடர்ந்து பரவிய புதிய மணமுறையில், மாலை மாற்றலும் உறுதிமொழியும் தவிர வேறு சடங்குகளுக்கு இடமில்லை. சடங்கு போனபோது சடங்கில் இடம் பெற்றிருந்தவர்களின் தட்டும் போயிற்று. 1967இல் அண்ணா ஆட்சியில் அத்திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. ஆனால் கொள்கையைவிடப் பொருளியல் வலிமையாக வேலை செய்தது. களத்தில் நெல் அளப்பது நின்று கூலி பணமாகியதும், பேருந்து வசதியால் பக்கத்து நகரத்துச் சலூன் எட்டிய தூரத்தில் வந்ததும், நாவிதர் குடும்பத்து இளைஞர்கள் படிப்புக்கும் வேறு வேலைக்கும் போனதும் பழைய உறவை உள்ளிருந்தே அரித்தன. சலூன் வைத்தவர் வாடிக்கையாளரிடம் விலை சொல்ல முடிந்தது, அவரை வாசலில் காத்திருக்க வைக்க முடிந்தது. இவ்விரண்டும் அவருடைய பாட்டனாருக்குக் கனவிலும் வாய்க்காதவை. உரிமை கரைந்தும் கடமை மட்டும் எஞ்சிய இடங்களில் நிலைமை கொடியதாயிற்று. ஒடுக்கப்பட்ட மக்களுக்கே துணி வெளுத்த ஒரு குடும்பத்தின் வாழ்வைச் சொல்லும் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில், அந்தச் சிதைவு நுணுக்கமாகப் பதிவாகியுள்ளது. மணமும் சாவும் பூப்பும் வழக்கம்போல் அவர்களை அழைக்கின்றன, அளந்து தர வேண்டிய தானியம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக எண்ணி ஏங்குபவர்கள் படிக்க வேண்டிய நூல் அது.

மணமகளுக்கு வெளியாள் ஒப்பனை செய்யும் வழக்கம் திரையுலகின் நிழலில் வளர்ந்தது. ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன், அதன் ஒப்பனைப் பிரிவைப் பற்றி எழுதிய நினைவுகளில், தலைமை ஒப்பனையாளர் முதன்மை நடிகர்களுக்கும், மூத்த உதவியாளர் இரண்டாம் நிலை நடிகர்களுக்கும், இளைய உதவியாளர் நகைச்சுவை நடிகருக்கும், கூட்டத்தில் வருபவர்களுக்குக் கடைநிலைப் பையனும் முகம் பூசிய படிநிலையைச் சொல்கிறார். ஒரு முகத்துக்குப் பல கைகள், பல கைகளுக்குப் பல மதிப்புகள் என்னும் இந்தப் பிரிவினை இன்றைய மணப்பெண் அறையிலும் அப்படியே காணப்படுகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: மும்பைத் திரைத்துறையின் ஒப்பனையாளர், தலையலங்காரக் கலைஞர் சங்கம் பெண்களைத் தலையலங்காரத்துக்கு மட்டுமே அனுமதித்து, முகவொப்பனையை ஆண்களுக்கென்றே அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒதுக்கிவைத்திருந்தது. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்விதி அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. திரையில் ஆணுக்கென்று காத்துவைக்கப்பட்ட அதே வேலை திருமண மண்டபத்தில் முழுக்கப் பெண்ணின் வேலையாக வளர்ந்தது விந்தையே. மணமகளின் அறைக்குள் ஆண் நுழைவதை வீட்டார் விரும்பாததே அதற்குப் பெருங்காரணம்.

சென்னையில் சீனக் குடும்பத்தினர் நடத்திய அழகு நிலையங்களும், பின்னர் தெருவுக்குத் தெரு தோன்றிய பார்லர்களும், அண்மைக் காலத்தில் தனியாகத் தொழில் செய்யும் மேக்கப் கலைஞர்களும் மணமகளின் பக்கத்து நாற்காலியை அத்தையிடமிருந்து வாங்கிக்கொண்டனர். முன்பணம், முகூர்த்தத்துக்கு ஒரு விலை, வரவேற்புக்கு ஒரு விலை, போக்குவரத்துச் செலவு தனி என்று பேசி முடிக்கும் இவர்கள் ஒப்பந்தக்காரர்களேயன்றிக் குடிமக்கள் அல்லர். டிப்ஸ் என்பதன் சட்டநிலையும் பழைய சுதந்திரத்துக்கு நேர்மாறானது. 2016இல் உணவக ஊழியர் பெறும் டிப்ஸ் பற்றிய வருமானவரி வழக்கொன்றில், அது வாடிக்கையாளர் தாமாக விரும்பித் தருவது, அதைக் கோரும் உரிமை ஊழியருக்கு முதலாளியிடம் இல்லை, ஆகவே அது சம்பளமாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. களத்துக் குவியலிலிருந்து அரசின் பங்குக்கும் முன்பாக அளந்து தரப்பட்டதற்கும், கோர முடியாத இந்தப் பணத்துக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

நடைமுறையில் பழைய இரு வழக்கங்களும் புதிய வடிவில் பிரிந்து நிற்கின்றன. தலைமைக் கலைஞருக்கு மணவீட்டார் பெரும்பாலும் தாம்பூலப் பையும் துணியும் தருகின்றனர். கூலியைத் தாமே நிர்ணயித்த ஒருவருக்கு மேற்பணம் தருவது பொருத்தமன்று என்ற எண்ணம் இதில் உள்ளது, பூச்சடை தைத்த அக்காளுக்குக் காட்டிய மரியாதையும் உள்ளது. புடவை மடிப்பெடுத்து ஊசி குத்துபவருக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு வந்து முடி உலர்த்திச் சுருட்டிவிடும் உதவியாளருக்கும் உறையில் பணம் வைக்கப்படுகிறது. அவர்களுடைய நாட்கூலி கலைஞர் கையில் இருப்பதால், வீட்டார் தரும் உறை அவர்களுக்குப் பெரிது. மண்டப ஒப்பந்தத்திலேயே உதவியாளர்களுக்கும் சேர்த்துத் தொகை பேசிவிடும் வீடுகளும் உண்டு. ஆனால் அந்த உறையைப் பெண் வீட்டார் தர வேண்டுமா, வரவேற்புச் செலவை ஏற்ற மாப்பிள்ளை வீட்டார் தர வேண்டுமா என்பதற்கு இதுவரை முறை ஏற்படவில்லை. இரு வீட்டாரும் மற்றவர் தந்திருப்பார் என்று எண்ணிக்கொள்ள, உதவியாளர்கள் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் புறப்பட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது.